அம்மாவோடு கேரவனில் ஜவ்வாது மலை, அப்புறம் செஞ்சி: ராயபுரத்திலிருந்து எப்படிப் போகலாம்?

கல்மண்டபம் (ராயபுரம்)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. போன வருடம் இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆனது. இப்போது மெதுவாக நடக்கிறார். தரையில் உட்கார முடியாது, இந்திய முறைக் கழிவறை முடியவே முடியாது. அதனால் மூன்று வருடமாக வெளியூர்ப் பயணமே கிடையாது. சொந்த அக்கா பேத்தி கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. "வழியில நான் எங்கடா போவேன்?" என்று ஒரே கேள்வி கேட்பார். எங்களிடம் பதில் இருக்காது.

அம்மா வளர்ந்தது கொருக்குப்பேட்டை. ஆடி மாதம் அம்மன் கோயில் தெருவில் விடிய விடியக் கூத்து நடக்குமாம். தாத்தா தோளில் உட்கார்ந்து, செஞ்சிக் கோட்டையை ஆண்ட தேசிங்கு ராஜன் கூத்து பார்த்ததை இன்றைக்கும் சொல்வார். ஆனால் செஞ்சியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இங்கிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். அதேபோல மலையும் பார்த்ததில்லை. திருப்பதிக்குப் போனபோது ராத்திரி ஏறி ராத்திரி இறங்கிவிட்டார்கள்.

உள்ளேயே படுக்கையும் கழிவறையும் இருக்கிற கேரவன் வண்டி ஒன்றில் மூன்று நாள் கூட்டிப் போகலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். கூட இரண்டு பிள்ளைகள், என் மச்சான். பழைய வேன் ஒன்றை வாங்கி மாற்றிக் கட்டுவதா, வாடகைக்கு எடுப்பதா? எந்த மலை? செஞ்சியில் மலை ஏறாமல் பார்க்க என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐஸ்பெட்டி (காசிமேடு)

அண்ணா, கொல்லிமலை போங்கள். நான் நண்பர்களோடு வேனில் போனேன், அந்த வளைவுகளில் ஏறுகிற அனுபவம் வேறு எங்கேயும் கிடைக்காது. இல்லையென்றால் ஊட்டி. அம்மா முதல் தடவையாக மலை பார்க்கிறார், பெரிய மலையாகவே காட்டுங்கள். இன்னொன்று, மீன் வாங்கி தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் அடித்துக் கட்டிக்கொண்டு போங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கும். மலையில் உட்கார்ந்து வஞ்சிரம் வறுத்துச் சாப்பிட்டதை நான் மறக்கவே மாட்டேன்.

மலைப்பாதை (வியாசர்பாடி)

தம்பி ஐஸ்பெட்டி, உன் ஆசை புரிகிறது. ஆனால் இருபத்தாறு வருடம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த அம்மாவுக்குக் கொல்லிமலை வேண்டாம். 70 கொண்டை ஊசி வளைவு. கேரவன் என்பது உள்ளே கட்டில், தண்ணீர்த் தொட்டி, அலமாரி எல்லாம் ஏற்றிய வண்டி. கூரை உயரம் ஏற ஏற வளைவில் சாய்வதும் அதிகம். அதில் 70 தடவை இடமும் வலமும் ஆடினால் முட்டி ஆபரேஷன் ஆனவர் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்? வாந்தி வந்துவிட்டால் அந்த நாளே போச்சு.

ஊட்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வாங்கிப் போக வேண்டும், அது பெரிய விஷயமில்லை. தூரம்தான் பிரச்சினை. ஒரு நாள் முழுக்க ஓடி ஒரு நாள் முழுக்கத் திரும்ப வேண்டும். மூன்று நாளில் அம்மாவுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

ஏலகிரி 14 வளைவுதான். ஒவ்வொரு வளைவுக்கும் தமிழ்க் கவிஞர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் சனி ஞாயிறில் வண்டி நிறுத்த இடம் தேடியே அலுத்துப் போவீர்கள்.

நான் சொல்வது ஜவ்வாது மலை. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஏறி, காவலூர் தாண்டி ஜமுனாமரத்தூர் போய், போளூர் பக்கம் இறங்குங்கள். இறங்கினால் திருவண்ணாமலை, அங்கிருந்து செஞ்சி 40 கிலோமீட்டருக்குள். அப்புறம் திண்டிவனம் வழியாக வீடு. போன வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை. ஒரு வட்டமாக வந்துவிடலாம். பெரிய மலை என்று பெயர் வாங்காத மலை, ஆனால் காட்டுக்குள் போகிற உணர்வு முழுசாக இருக்கும்.

பட்டறைவாசி (மாதவரம்)

வண்டி பற்றி நான் சொல்கிறேன். பாடி கட்டுகிற வேலையில் இருக்கிறேன்.

மூன்று நாள் பயணத்துக்காக வண்டி வாங்கி மாற்றாதீர்கள். வேனில் இருக்கிற சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் பிரிவு 52 இருக்கிறது. ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் திருத்தம் செய்ய வேண்டும். மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலை உண்டு. இதெல்லாம் செய்யாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்சில் தகராறு வரும். வாடகைக்கு எடுக்கும்போதும் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளே கட்டில் இருக்கிறது, ஆர்.சி.யில் வெறும் 12 சீட் வேன் என்று போட்டிருந்தால் அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

பெரிய வண்டி வேண்டாம். 12 பேர் வேன் அளவே உங்கள் ஆறு பேருக்குப் போதும். எல்லோரும் உள்ளே படுக்க முடியாது. அம்மா, உங்கள் மனைவி, சின்னப் பிள்ளை உள்ளே படுக்கட்டும், மற்றவர்கள் அறை எடுங்கள். பெரிய வண்டியை ராயபுரம் சந்துகளில் எங்கே நிறுத்துவீர்கள்? கூரையில் ஏசி பெட்டி வைத்த வண்டியென்றால் உயரத்தை அளந்து, டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி எழுதி ஒட்டுங்கள். நம் பக்கம் ரயில்வே சுரங்கப்பாதை நிறைய.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டி நிரப்பினால் 100 கிலோ ஏறுகிறது. பாதித் தொட்டியாக மலையில் ஓடினால் தண்ணீர் அலைமோதி வண்டியை ஆட்டும். ஏறும்போது ஒன்று நிரப்பிக்கொள்ளுங்கள், இல்லை ஏறக்குறைய காலியாக வைத்துக்கொண்டு மேலே போய் நிரப்புங்கள்.

ஏசி விஷயத்திலும் ஏமாறாதீர்கள். 12 வோல்ட் 200 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் மொத்தம் 2.4 யூனிட். ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் தின்னும். இரண்டு மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். மலையில் ஏசி தேவைப்படாது, மின்விசிறியும் விளக்கும் சின்ன ஃபிரிட்ஜும் ஓடினால் போதும்.

இதற்காகவே இந்தப் பதிவு எழுதுகிறேன். ராத்திரி இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே முடிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கும் சின்ன அலாரம் ஒன்று வாங்கி, படுக்கை உயரத்தில் மாட்டுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதற்கான அலாரம் தரையோரம் இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள்.

கல்மண்டபம்

பட்டறைவாசி அண்ணா, இதைப் படித்துவிட்டு என் மனைவி முதலில் அந்த அலாரம் வாங்கச் சொல்லிவிட்டார். வாடகை வண்டிதான், முடிவு செய்துவிட்டோம். மச்சான் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் ஓட்டுபவர், வண்டியை அவர்தான் ஓட்டுவார். நானும் கொஞ்சம் ஓட்டலாமா? என்னிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது.

பட்டறைவாசி

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. ஆனால் மலையில் மச்சானே ஓட்டட்டும்.

வான்பார்வை (பெரம்பூர்)

காவலூர் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன், வருடத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவேன்.

காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். அங்கிருக்கும் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம், 1986-ல் பயன்பாட்டுக்கு வந்தது. நம் ஊரோடு இதற்கு நேரடி உறவு உண்டு. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய சென்னை வானாய்வகம்தான் இதற்குத் தாய்வீடு. நகரத்து வானம் போதாமல் 1899-ல் கொடைக்கானலுக்குப் போனார்கள், 1968-ல் இன்னும் நல்ல வானம் தேடிக் காவலூருக்கு வந்தார்கள். யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பது 1977-ல் தெரியவந்தபோது அதைப் பார்த்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-ல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுகிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் இருட்டிய பிறகு சின்னத் தொலைநோக்கியில் காட்டுவார்கள். கிளம்பும் முன்பு கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினால் வெளி விளக்குகளை அணைத்துவிடுங்கள். இருட்டுக்காகத்தான் அவர்கள் அங்கே போயிருக்கிறார்கள். தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் நம் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் நட்சத்திரம் பார்க்கிறார்கள். காவலூரில் முதல் தடவை தலை நிமிர்த்திப் பார்க்கும் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவே பேசாது. நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

செஞ்சிக்காரி (தண்டையார்பேட்டை)

நான் பிறந்தது செஞ்சி, வாழ்க்கைப்பட்டது தண்டையார்பேட்டை. தம்பி, அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கோட்டையில் ராஜகிரி மலை உச்சி 800 அடி, அது அவருக்கு வேண்டாம். நீங்களும் பெரிய பிள்ளையும் காலை வெயிலுக்கு முன்னால் ஏறுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும், 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

அம்மாவுக்கு அடிவாரத்திலேயே ஒரு நாள் போதாது. கல்யாண மகால் இருக்கிறது, அடுக்கடுக்காகக் கோபுரம் மாதிரி உயர்ந்து நிற்கும். தானியக் களஞ்சியம், குதிரை லாயம், ஆனைக்குளம் எல்லாம் கிட்டக் கிட்ட. வெங்கட்ரமணர் கோயிலுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள், அவை செஞ்சியிலிருந்து போனவை என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வோம்.

செட்டிக்குளத்துக் கரையை விட்டுவிடாதீர்கள். தேசிங்கு ராஜனை எரித்த இடம் என்று ஒரு மேடையைக் காட்டுவார்கள். ராணியம்மாவும் அங்கேயே தீ இறங்கினார் என்பார்கள். என் பாட்டி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிடுவார்.

மடக்கு நாற்காலி ஒன்று கொண்டு போங்கள். தரை கரடுமுரடு, நிழல் குறைவு. குரங்கு ஜாஸ்தி, கையில் பை தொங்கவிட வேண்டாம்.

தம்புச்செட்டி (ஜார்ஜ் டவுன்)

வரலாறு கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன். கூத்தில் கேட்ட தேசிங்கு நிஜமான ஆள். பெயர் தேஜ் சிங், புந்தேலா ராஜபுத்திரர். அப்பா சுவரூப் சிங் இறந்ததும் 1714-ல் செஞ்சிக்கு வந்தார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்ட பாக்கியைக் கட்ட மறுத்தார். அதே வருடம் சண்டையில் இறந்தார். ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை.

செஞ்சியின் பெரிய கதை அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. 1677-ல் சிவாஜி கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் வடக்கே இருக்க முடியாமல் செஞ்சிக்கு வந்து உட்கார்ந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தபோது ராஜாராம் தப்பிப் போயிருந்தார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், மிச்சம் ஒன்று நம் செஞ்சி.

வட சென்னைக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1677 மே மாதம் சிவாஜி நம் சென்னை ஜார்ஜ் கோட்டைக்கு ஆள் அனுப்பி விஷமுறிவு மருந்துகள் கேட்டார். ஆங்கிலேயர் காசு வாங்காமல் கொடுத்தனுப்பினார்கள். என் தெருவில் காளிகாம்பாள் கோயிலில் அதே வருடம் சிவாஜி வந்து கும்பிட்டுப் போனதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கிளம்பும் முன்பு அம்மாவை அங்கே ஒரு தடவை கூட்டிப் போய்விட்டுக் கிளம்புங்கள். பயணம் அங்கிருந்தே தொடங்கிய மாதிரி இருக்கும்.

ஒரு திருத்தம் மட்டும். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தேசிங்கை மாபெரும் பேரரசன் என்று சொல்லிவிடாதீர்கள். கதையை வரலாறு என்று கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

செஞ்சிக்காரி

அய்யா, நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் எட்டு வருடம் முற்றுகை போட்ட தளபதி பெயரை எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? தேசிங்கைத் தெரியாதவர் கிடையாது. தோற்போம் என்று தெரிந்தே போனான், கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்த முஸ்லிம் நண்பன் மகபத்கான் கூடவே செத்தான். முந்நூறு வருடமாக ஊர் ஊராகக் கூத்துக்காரர்கள் அதைத்தான் சுமந்திருக்கிறார்கள். அந்தக் கூத்து இல்லையென்றால் இந்த அம்மா செஞ்சி போக ஆசைப்பட்டிருப்பாரா?

தம்புச்செட்டி

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. வேலூருக்கு முன்னால் வருகிற ராணிப்பேட்டையே தேசிங்கின் மனைவி நினைவாக நவாப் வைத்த பெயர் என்று சொல்வார்கள். வென்றவரே தோற்றவர் மனைவியின் பெயரை ஊருக்கு வைத்தார் என்று மக்கள் நம்புகிறார்கள் என்றால் அந்தக் கதைக்கு மதிப்பு இருக்கிறது. கல்மண்டபம் தம்பி, அந்த வழியாகத்தான் போகப் போகிறீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்.

மலைப்பாதை

கிளம்பும் முன்பு மச்சானுக்கும் உங்களுக்கும் சில வார்த்தைகள். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, தேவைப்படும்போது பிடிக்காது. குறுகிய இடத்தில் மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். வண்டி ஓடும்போது அம்மாவைப் பின்னால் கட்டிலில் படுக்க வைக்காதீர்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் ஆட்டம் அதிகம். முன் வரிசையில் பெல்ட் போட்டு உட்காரட்டும்.

காட்டுக்குள் எங்கேயாவது நிறுத்தித் தூங்கலாம் என்று நினைக்க வேண்டாம், அது வனத்துறை இடம். ஜமுனாமரத்தூரில் ஊருக்குள் தங்கும் இடத்தில் கேட்டு அவர்கள் வளாகத்திலேயே நிறுத்துங்கள். கழிவறைத் தொட்டியை ஓடையிலோ சாலையோரத்திலோ கொட்டாதீர்கள். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே ஒரு கிராமம் குடிக்கும். பெட்ரோல் பங்க் கழிவறையில் அனுமதி கேட்டு ஊற்றலாம், இல்லை வீடு வரை கொண்டு வாருங்கள்.

கல்மண்டபம்

போய்விட்டு வந்துவிட்டோம்! பொங்கல் முடிந்த வார இறுதி. எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

வெள்ளி சாயந்தரம் அம்மாவைக் காளிகாம்பாள் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். சனி அதிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். கன்டெய்னர் வரிசை தொடங்கும் முன்பு மாதவரம் தாண்டிவிட வேண்டும் என்பது மச்சான் கணக்கு. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அம்மா மெதுவாக என் மனைவியிடம் ஏதோ சொன்னார். வண்டியை ஓரம் நிறுத்தினோம். அம்மா உள்ளே போய்விட்டு வந்தார். வந்து உட்கார்ந்து, "அவ்ளோதானா? இதுக்கா மூணு வருசம் பயந்தேன்" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமான நிமிடம் அதுதான். மலையும் கோட்டையும் அதற்கு அப்புறம்தான்.

ராணிப்பேட்டையில் தம்புச்செட்டி சார் சொன்னதைச் சொன்னேன். "ராணியம்மா ஊரா இது?" என்று ஜன்னல் கண்ணாடியை இறக்கி ஊர் முடிகிற வரை பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆலங்காயம் தாண்டி ஏற ஆரம்பித்ததும் ஒரு தப்பு நடந்தது. சமையல் மேடைக்கு மேலே இருந்த அலமாரியைச் சரியாகத் தாழ்ப்போடவில்லை. மூன்றாவது வளைவில் கதவு திறந்து புளிசாதத் தூக்கும் எண்ணெய் பாட்டிலும் தரையில். அந்த எண்ணெயைத் துடைக்க அரை மணி நேரம். வயதானவர் இருக்கும் வண்டியில் தரையில் எண்ணெய் என்பது சாதாரண விஷயமில்லை. கிளம்பும்போது ஒவ்வொரு கதவையும் கையால் இழுத்துப் பாருங்கள், நாங்கள் அதற்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும் செய்தோம்.

காவலூரில் அன்றைக்கு வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வரிசையில் நின்றவர்கள் அம்மாவைப் பார்த்து முன்னால் விட்டார்கள். தொலைநோக்கியில் வியாழனும் பக்கத்தில் வரிசையாக அதன் நிலாக்களும் தெரிந்தன. அம்மா கண்ணை எடுக்கவே இல்லை. வெளியே வந்து, "நம்ம வீட்டு மாடியில இருந்து இதெல்லாம் எங்கடா போச்சு?" என்று கேட்டார். வான்பார்வை சார், சின்ன மகள் நீங்கள் சொன்னது போலவே பேசவில்லை. ராத்திரி படுத்த பிறகு அம்மாவிடம், "ஆயா, அந்த நாலு நிலாவுக்கும் பேர் இருக்கா?" என்று கேட்டாளாம்.

ராத்திரி ஜமுனாமரத்தூரில் ஒரு விடுதி வளாகத்தில், அவர்கள் அனுமதியோடு வண்டியை நிறுத்தினோம். குளிர் நன்றாகவே இருந்தது, ஏசி பக்கம் யாரும் போகவில்லை. காலையில் பனிமூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. அம்மா கையை வெளியே நீட்டி வைத்திருந்தார். பக்கத்துக் கடையில் சாமைச் சோறு கிடைத்தது, மலைத்தேனும் வாங்கினோம். ஐஸ்பெட்டி தம்பி, காசிமேட்டு வஞ்சிரமும் ஐஸோடு வந்தது, வறுத்தோம். விடுதிக்காரர் குடும்பத்துக்கும் கொடுத்தோம். அவர்கள் வீட்டுப் பாட்டிக்கும் அம்மாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கடலில் வலை போடுவதைப் பற்றி அந்தப் பாட்டி கேட்டார், காட்டில் தேன் எடுப்பதைப் பற்றி அம்மா கேட்டார். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. பீமன் அருவிக்குப் போகும் திட்டத்தை விட்டுவிட்டோம்.

போளூர் பக்கம் இறங்கும்போது கொஞ்ச தூரம் நான் ஓட்டினேன். பட்டறைவாசி அண்ணன் வேண்டாம் என்று சொல்லியிருந்தார், கேட்டிருக்க வேண்டும். கார் பழக்கத்தில் மூன்றாவது கியரில் விட்டுவிட்டு பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தேன். கருகின வாசனை வந்தது. மச்சான் உடனே நிறுத்தச் சொன்னார். ஒதுக்கமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, நாற்பது நிமிடம் ஆறவிட்டோம். தண்ணீர் ஊற்றலாம் என்று நான் போனேன். சூட்டில் டிரம் விரிசல் விடும் என்று மச்சான் தடுத்துவிட்டார். அதற்கு அப்புறம் இரண்டாவது கியரில் அவரே இறக்கினார். மலையில் பழகாதவர்கள் வண்டியைத் தொடாதீர்கள், மனதாரச் சொல்கிறேன்.

ஞாயிறு ராத்திரி திருவண்ணாமலை. திங்கள் காலை செஞ்சி. நானும் மகனும் ராஜகிரி ஏறினோம். அம்மா அதற்குள் மடக்கு நாற்காலியோடு கல்யாண மகால் எதிரே உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்ததும் குதிரை லாயத்துக்குக் கூட்டிப் போனோம். "பாராசாரிய இங்கதான் கட்டி இருப்பாங்களா?" என்றார். கூத்தில் தேசிங்கு அடக்குகிற குதிரை அது. எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, இருக்கலாம் அம்மா என்றேன்.

செட்டிக்குளத்துக் கரையில் செருப்பைக் கழற்றினார். நாங்கள் யாரும் சொல்லவில்லை, செஞ்சிக்காரி அக்கா பாட்டி கதையும் அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் கூத்தில் ராணி பாடுகிற இடத்தை மெல்லப் பாட ஆரம்பித்தார். அறுபது வருடத்துக்கு முன்னால் கேட்டது. நடுவில் இரண்டு வரி மறந்துபோய் நிறுத்தினார், யோசித்து மறுபடி பிடித்துக்கொண்டார். மகள் செல்போனில் பதிவு செய்திருக்கிறாள்.

செஞ்சிக்காரி

தம்பி, வேலை நேரத்தில் படித்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறேன். அந்தப் பதிவை எனக்கும் அனுப்புங்கள். எங்கள் பக்கம் அந்தப் பாட்டு தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்த தடவை போனால் பக்கத்தில் திருநாதர் குன்றையும் பாருங்கள். 24 சமணத் தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியருக்கு வெட்டிய கல்வெட்டும் அங்கே இருக்கிறது.

ஐஸ்பெட்டி

அண்ணா, கொல்லிமலை என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். எனக்கும் வீட்டில் ஆயா இருக்கிறார்.

தம்புச்செட்டி

தம்பி, அந்தப் பாடலை எழுத்திலும் எடுத்து வையுங்கள். மறந்த இரண்டு வரி உட்பட அம்மா எப்படிப் பாடினாரோ அப்படியே. நான் உதவி செய்கிறேன்.

நெட்டுக்குப்பம் (எண்ணூர்)

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலம் குறைவு. இரண்டு வருடமாக வீட்டிலேயே இருக்கிறார். ஒரு கேள்விதான். வண்டியில் இருக்கும் கழிவறை இருக்கை எவ்வளவு உயரம்? பிடித்து எழ ஏதாவது இருக்கிறதா?

கல்மண்டபம்

அண்ணா, வண்டியில் இருந்தது தாழ்வாக இருந்தது. கீழே மரப்பலகை வைத்து, நகராமல் போல்ட் போட்டு, தரையிலிருந்து 18 அங்குலம் வருகிற மாதிரி உயர்த்திக்கொண்டோம். வலது பக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி மாட்டினோம், வண்டிக்காரரும் சம்மதித்தார். அப்பாவுக்கு எந்தப் பக்கம் பலமோ அந்தப் பக்கம் கம்பி இருக்க வேண்டும். தொட்டி 20 லிட்டர், நாங்கள் ஆறு பேரும் அளவாகப் பயன்படுத்தியதில் ஒரு நாளைக்கு மேல் தாங்கியது. பலகையும் கம்பியும் என் வீட்டில் சும்மாதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபம் மார்க்கெட் பக்கம் வாருங்கள், எடுத்துக்கொண்டு போகலாம். வரும்போது அப்பா இப்போது வீட்டில் உட்காருகிற நாற்காலியின் உயரத்தை அளந்துகொண்டு வாருங்கள்.